குழந்தைகளை எண்ணுவது எப்படி? கம்யூனிச ஆட்சிகள் சரிந்த நாடுகளின் கணக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ரஷ்யாவில் 2011-ஆம் ஆண்டு சிசு மரண விகிதம் 7.4. அதாவது உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல் ஒரு வயது முடியும் முன்பே இறந்தார்கள். அடுத்த ஆண்டு அது 8.6. ஒரே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு ஏற்றம். போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. 2012 ஏப்ரலில் விதி மாறியது, அவ்வளவுதான். அதுவரை 500 முதல் 999 கிராம் எடையில் பிறந்த சிசு 168 மணி நேரம், அதாவது ஏழு நாள், உயிரோடு இருந்தால்தான் பிறப்புப் பதிவேட்டில் ஏறும். ஆறாம் நாள் இறந்தால் அது பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. விதி மாறியதும் அந்தக் குழந்தைகளெல்லாம் கணக்குக்குள் வந்தார்கள், விகிதம் ஏறியது. என்னைக் கேட்டால் அந்த ஏற்றம் நல்ல செய்தி.

இன்றைய பேச்சின் பொருள் இதுதான். 1989-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலும் பழைய சோவியத் நாடுகளிலும் பொருளாதாரம் தலைகீழானபோது குழந்தைகளின் நிலையை எப்படிக் கண்காணித்தார்கள், அந்தக் கணக்கு எங்கெங்கே பிசகியது என்று பார்க்கப் போகிறோம். வறுமையின் கதை பலருக்கும் தெரியும். கணக்கின் கதை அவ்வளவாகத் தெரியாது. குழந்தைக்கு எங்கே ஆபத்து அதிகமோ, அங்கேதான் கணக்கும் ஓட்டையாகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

1992-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் யுனிசெஃப் ஆய்வு மையம் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'மோனி' என்பது அதன் சுருக்கப் பெயர். பொருளியலாளர் ஜொவான்னி அந்த்ரேயா கோர்னியா அதை வழிநடத்தினார். மையம் இருந்த கட்டடம் 1445-இல் திறக்கப்பட்ட கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லம். அங்கே விடப்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் அன்றே பேரேட்டில் எழுதி வைத்தார்கள். நான் சொல்லப்போகும் சில நாடுகள் இருபதாம் நூற்றாண்டின் முடிவில்கூட அதைச் சரியாகச் செய்யவில்லை.

திட்டம் வேலை செய்த விதம் எளிமையானது. 1989-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாட்டின் புள்ளியியல் அலுவலகத்திலும் ஒரு தொடர்பாளர். ஆண்டுதோறும் எல்லோருக்கும் ஒரே அட்டவணை போகும்: பிறப்பு, இறப்பு, கல்வி, காப்பக இல்லங்களில் இருக்கும் குழந்தைகள், குடும்ப உதவித்தொகை, குற்றம். நிரப்பி அனுப்பினால் 27 நாடுகளின் எண்களும் அருகருகே வந்து உட்காரும். அட்டவணை ஒன்றாக இருக்கலாம். கட்டத்துக்குள் எழுதிய எண்ணுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் உண்டா என்பதுதான் சிக்கல்.

சிசு மரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, வெளியே வந்த சிசுவிடம் மூச்சு, இதயத்துடிப்பு, தொப்புள்கொடித் துடிப்பு, தசை அசைவு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அது உயிருடன் பிறந்ததுதான். எடை எவ்வளவு, எத்தனை வாரம் என்ற கேள்வி கிடையாது. சோவியத் வரையறை வேறு. மூச்சு விட்டாக வேண்டும். மூச்சு விட்டாலும், 28 வாரத்துக்கு முன் பிறந்து, எடை 1,000 கிராமுக்குக் குறைவாகவோ நீளம் 35 செ.மீ.க்குக் குறைவாகவோ இருந்து, ஏழு நாளுக்குள் இறந்தால் அது கருச்சிதைவுக் கணக்கில் போய்விடும். இந்த வரையறையால் மட்டும் விகிதம் எவ்வளவு குறைந்து தெரிந்தது? உலக வரையறைக்கு மாற்றினால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 1970-களின் நடுவில் சிசு மரண விகிதம் ஏறத் தொடங்கியபோது மாஸ்கோ அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. கோர்பச்சோவ் காலத்தில்தான் அது மீண்டும் அச்சில் வந்தது.

இனி மத்திய ஆசியாவுக்கு வாருங்கள். கஜகஸ்தானில் 1990-களின் பின்பாதியில் அரசுப் பதிவுப்படி சிசு மரண விகிதம் 20-க்கும் 25-க்கும் பக்கம். 1999-இல் வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் கேட்ட மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் கிடைத்தது 62. காகசஸ் பகுதியில் உள்ள அஜர்பைஜானில் அரசுக் கணக்கு 17-ஐ ஒட்டி இருந்தபோது, 2001-இல் நடந்த ஆய்வு 70-க்கு மேல் காட்டியது. வரையறையைச் சரிசெய்தால் 25 என்பது 31 ஆகும், 62 ஆகாது. மீதி வித்தியாசம் வேறெங்கோ இருந்து வரவேண்டும்.

எங்கிருந்து? பதிவுக்கு வராத சாவுகளிலிருந்து. ஒரு மலைக்கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் வீட்டிலோ தொலைவில் உள்ள சிறு மருத்துவமனையிலோ நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் மருத்துவமனைத் தாள், தாயின் அடையாள ஆவணம், திருமணச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகரில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போகவேண்டும். பேருந்துக் கட்டணம், அங்கே கட்டணம், சில இடங்களில் லஞ்சம். குழந்தை நலமாக இருந்தால் உதவித்தொகைக்காகவோ பள்ளிக்காகவோ என்றாவது போவார்கள். பத்தாம் நாள் இறந்துபோன குழந்தைக்காக யார் போவார்கள்? ஊரிலேயே அடக்கம் முடிந்துவிடும். இதோடு மேலிடத்துக்குப் பதில் சொல்லும் பயமும் சேர்கிறது. விகிதம் ஏறினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் தலைமை மருத்துவர். எல்லைக்கோட்டில் பிறந்த சிசுவை 1,010 கிராம் என்று எழுதுவதா 990 என்று எழுதுவதா என்பதும் அவருடைய மருத்துவமனையில்தான் தீர்மானமாகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இறந்த சிசுக்களை எடைவாரியாகப் பிரித்து அடுக்குங்கள். 1,000 கிராமுக்குச் சற்றுக் கீழே குவியலும் சற்று மேலே பள்ளமும் இருந்தால் தராசு பொய் சொல்கிறது என்று அர்த்தம். அடுத்து, இறந்து பிறந்தவற்றையும் முதல் வார இறப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது ஏறும்போதெல்லாம் பின்னது அதே அளவு இறங்கினால், சாவு குறையவில்லை, பெட்டி மாறியிருக்கிறது. ஏழாம் நாள் இறப்பையும் எட்டாம் நாள் இறப்பையும் தனித்தனியே கேளுங்கள். இதற்கெல்லாம் புதிய ஆய்வு தேவையில்லை. எடையும் நாளும் ஏற்கனவே தாளில் இருக்கின்றன, யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அதற்காக வீட்டு ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சில ஆயிரம் பெண்களிடம் கேட்கிறார்கள். அதில் சிசு மரணங்கள் சில பத்துகள்தான் இருக்கும். அதனால் 62 என்பதற்கு இரு பக்கமும் பெரிய இடைவெளி உண்டு. ஓர் ஆண்டின் எண்ணும் அல்ல, ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி. இறந்துபோன தாயிடம் யாரும் கேட்க முடியாது. 'எத்தனை பெற்றீர்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள்' என்று மட்டும் கேட்டுக் கணக்கிடும் மறைமுக முறையாக இருந்தால், வயதுவாரி இறப்பைக் காட்டும் எந்த முன்மாதிரி அட்டவணையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே விடை மாறும். இரண்டு எண்களையும் வெளியிட்டு, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுவதுதான் நேர்மை. பல அரசுகள் ஆய்வையே மறுத்தன; சில வெளி நிறுவனங்கள் பதிவேட்டையே தூக்கி எறிந்தன. இரண்டும் தவறு.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களின் மரண நெருக்கடியில் அதிகம் செத்தவர்கள் குழந்தைகள் அல்ல. ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990-இல் 64-ஐ ஒட்டி இருந்தது, 1994-இல் 58-க்கும் கீழே போனது. இறந்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள்: இதயநோய், மது, விபத்து, கொலை, தற்கொலை. குழந்தைக்குப் பாதிப்பு வந்தது தகப்பனை இழந்ததன் வழியாக. சிசு மரணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் 'நிலைமை அவ்வளவு மோசமில்லை' என்று சொல்லியிருப்பார். அதனால்தான் இல்லங்களின் கணக்கு முக்கியமாகிறது. அங்கிருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். ரஷ்யாவில் 'சமூக அநாதைகள்' என்று அவர்களைச் சொல்வார்கள்.

அந்தக் கணக்கில்தான் நான் பார்த்தவற்றிலேயே பெரிய குளறுபடி. சோவியத் அமைப்பில் மூன்று அமைச்சகங்கள் இல்லம் நடத்தின. மூன்று, நான்கு வயது வரை சுகாதார அமைச்சகத்தின் சிசு இல்லம். அதற்கு மேல் நல்ல உடல்நிலை உள்ளவர்கள் கல்வி அமைச்சகத்தின் இல்லத்துக்கு, ஊனமுற்றவர்கள் சமூகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் விடுதிக்கு. நான்கு வயதில் ஒரு குழு குழந்தையைப் பார்த்து எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும். சுகாதாரக் கணக்கில் அந்தக் குழந்தை 'வெளியேறியது'. வீட்டுக்கா, இன்னொரு இல்லத்துக்கா, கல்லறைக்கா? ஒரே கட்டத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். கல்வி அமைச்சகத்தில் அதே குழந்தை 'புதிய சேர்க்கை'. அறிக்கையைப் புரட்டுபவருக்கு ஒரு பக்கம் நிறையப் பேர் விடுதலையானதுபோலவும், மறுபக்கம் நிறையப் பேர் கைவிடப்பட்டதுபோலவும் தெரியும்.

சரி செய்யும் முறை கணக்குப்பிள்ளை வேலைதான். டிசம்பர் 31 என்று ஒரு நாளை வைத்துக்கொண்டு மூன்று அமைச்சகங்களும் அன்றிரவு இருந்தவர்களை எண்ண வேண்டும். ஆண்டில் வந்தவர், போனவர் தனி. போனவர்களைக் காரணவாரியாகப் பிரிக்க வேண்டும்: சொந்தக் குடும்பம், பாதுகாவலர், தத்து, வேறு இல்லம், 18 வயது, மரணம். முந்தைய ஆண்டின் இருப்போடு வந்தவரைக் கூட்டி, போனவரைக் கழித்தால் இந்த ஆண்டின் இருப்பு வரவேண்டும். வராவிட்டால் அந்த வித்தியாசத்துக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள். 'மரணம்' என்ற கட்டம் காலியாக வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாமல் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, எண்ணிக்கையும் விகிதமும். ரஷ்யாவில் 1987-இல் பிறந்தவர்கள் 25 லட்சம். 1999-இல் 12 லட்சம் சொச்சம். பிறப்பே பாதியானபோது இல்லங்களில் எண்ணிக்கை குறையாமல் என்ன செய்யும்? கையால் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாநிலத்தில் ஒரு லட்சம் குழந்தைகள், இல்லங்களில் 1,000 பேர் என்று வையுங்கள். பத்து ஆண்டு கழித்துக் குழந்தைகள் 75,000, இல்லங்களில் 900. அமைச்சர் 'பத்து சதவீதம் குறைத்தோம்' என்பார். லட்சத்துக்கு 1,000 என்பது 1,200 ஆகியிருக்கிறது. குழந்தை இல்லத்துக்குப் போகும் வாய்ப்பு 20 சதவீதம் கூடியிருக்கிறது. அந்த நாடுகள் பலவற்றில் நடந்தது இதுவே. படுக்கை எண்ணிக்கையை வைத்து நிதி வந்த இடங்களில் படுக்கையைக் காலியாக விட இயக்குநருக்கு மனம் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் மாறினால் குழந்தை இடம் மாறும், கணக்கு பின்னால் ஓடும். ருமேனியாவின் கம்யூனிச சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1966-இல் போட்ட கருக்கலைப்புத் தடை 1989 டிசம்பரில் நீங்கியபோது ருமேனிய இல்லங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் குழந்தைகள் இருந்தார்கள். 2005 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இரண்டு வயதுக்குட்பட்டவர்களை, கடும் ஊனமுள்ளவர்கள் தவிர, இல்லத்தில் சேர்க்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதே காலத்தில் மகப்பேறு மருத்துவமனைகளிலேயே ஆண்டுக்குச் சுமார் 4,000 சிசுக்கள் விட்டுச்செல்லப்பட்டதாக யுனிசெஃப் ஆய்வு காட்டியது. மருத்துவமனை 'இல்லம்' அல்ல. வார்டில் மாதக்கணக்கில் கிடக்கும் குழந்தை எந்த இல்லப் பட்டியலிலும் வராது. எனவே மருத்துவமனைகளிடம் தனியாகக் கேட்க வேண்டும்: சிகிச்சை முடிந்தும் 30 நாளுக்கு மேல் இருக்கும் குழந்தைகள் எத்தனை பேர்?

வருமானக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. சோவியத் குடும்ப வரவுசெலவு ஆய்வு குடும்பங்களை வேலையிடம் வழியாகத் தேர்ந்தெடுத்தது. வேலையே போன பிறகு அந்தத் தேர்வுப் பட்டியலில் யார் மிஞ்சுவார்? வேலையில் இருப்பவர்கள். 1992-இல் ரஷ்யாவில் விலைகள் ஒரே ஆண்டில் 26 மடங்கானபோது, அந்த ஆய்வை நம்பி எத்தனை குழந்தைகள் ஏழைகள் என்று சொல்லவே முடியாது. முகவரி அடிப்படையில் புதிய மாதிரி எடுத்த ஆய்வுகள் வந்த பிறகுதான் கணக்கு நிமிர்ந்தது. உதவித்தொகையிலும் சட்டத்தில் உள்ள தொகையைப் பார்த்து ஏமாறக்கூடாது. கைக்கு வந்தது எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி, சராசரிக் கூலியில் அது எத்தனை சதவீதம் என்றுதான் கேட்க வேண்டும்.

வகுக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் 2014 தொடக்கத்தில் அரசு மதிப்பீடு 44.9 லட்சம் பேர். அந்த ஆண்டு இறுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது 37.1 லட்சம். ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தாளில் மட்டும் இருந்தார்கள். வெளிநாடு போனவர்களை யாரும் கணக்கிலிருந்து நீக்கவில்லை. அப்படி மிகைப்பட்ட எண்ணால் வகுத்தால் பள்ளிச் சேர்க்கை உண்மையைவிடக் குறைந்து தெரியும், இல்லங்களின் விகிதமும் பொய்யாகக் குறையும். சிசு மரண விகிதம் மட்டும் பிறப்பால் வகுக்கப்படுவதால் இந்தப் பிழையிலிருந்து தப்பிக்கும். நிலப்பரப்பும் அப்படித்தான்: மால்டோவாவின் எண்களில் பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்திரியா பகுதி இல்லை, ஜார்ஜியாவினவற்றில் அதேபோல் பிரிந்து நிற்கும் அப்காசியா இல்லை, ரஷ்யாவின் பல ஆண்டு எண்களில் செச்சினியா இல்லை. அட்டவணையின் அடிக்குறிப்பில் சிறு எழுத்தில் இருக்கும்.

1990-களின் டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் நோயையும் சொல்லிவிடுகிறேன். 1990 முதல் 1998 வரை பழைய சோவியத் நாடுகளில் 1,57,000-க்கு மேற்பட்ட நோயாளிகள், 5,000 சாவுகள். பல காரணங்களில் ஒன்று, சளி, ஒவ்வாமை என்று நீண்ட 'தடுப்பூசி கூடாது' பட்டியல். தடுப்பூசிச் சதவீதம் உங்கள் மேசைக்கு வரும்போது, விலக்குப் பெற்ற குழந்தைகள் வகுக்கும் எண்ணுக்குள் இருக்கிறார்களா, வெளியே தள்ளப்பட்டார்களா என்று முதலில் கேளுங்கள். வெளியே தள்ளியிருந்தால் 95 சதவீதம் என்பதற்கு அர்த்தமே இல்லை.

கடைசியாக, இன்னும் சரியாகாத ஓட்டை. பதிவேடு பிசகும்போது நாம் வீட்டு ஆய்வை நம்புகிறோம். வீட்டு ஆய்வு வீடுகளைத்தான் தேர்ந்தெடுக்கிறது. இல்லத்தில் இருக்கும் குழந்தை, தெருவில் இருக்கும் குழந்தை, மருத்துவமனை வார்டில் விடப்பட்ட குழந்தை மூவருமே அந்த மாதிரிக்குள் வரமாட்டார்கள். இதற்குத் தனிக் கணக்கெடுப்பு வேண்டும். மூன்று அமைச்சகங்கள், தேவாலயங்கள், தனியார் நடத்தும் எல்லா இல்லங்களையும் ஒரே பட்டியலில் சேர்த்து, மருத்துவமனைகளையும் இணைத்து, ஒரே இரவில் ஆள்வாரியாக எண்ண வேண்டும். பெயர், பிறந்த தேதி, உள்ளே வந்த தேதி, எங்கிருந்து வந்தார், உயிரோடு உள்ள பெற்றோர், கடைசியாக யாராவது வந்து பார்த்த தேதி. ஒரு குழந்தைக்கு ஒரு தாள். அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும், யாருக்கு வளர்ப்புக் குடும்பம் தேடவேண்டும் என்பதை அதிலிருந்துதான் பிரிக்க முடியும்.