மூத்த வீரரை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா: முதலில் கணக்கு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்றொரு ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். அந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான பேக்கர்ஸுக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள்தான் பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு லாபத்தில் காசு வராது, வெளிச்சந்தையில் விற்கவும் முடியாது, எந்த வீரரை வைப்பது எவரை அனுப்புவது என்பதில் வாக்கும் கிடையாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். ஆனாலும் 2023 தொடக்கத்தில் அந்தப் பங்குதாரர்கள் எல்லோருக்கும் ஒரே வாக்குவாதம்: மூத்த வீரர் ஆரன் ராட்ஜர்ஸை வேறு அணிக்கு ட்ரேட் செய்வதா, வேண்டாமா?

இது காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால், அதன் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு வீரரைக் கொடுத்தால் கிளப்புக்குப் பெரும் பணம் வரும். இங்கே அப்படி இல்லை. வீரருக்குப் பதில் வீரர், அல்லது டிராஃப்ட் தேர்வுகள். டிராஃப்ட் என்றால் ஏப்ரல் கடைசியில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் அணிகள் முறைவைத்து எடுப்பது. அந்த முறைதான் இங்கே நாணயம்.

ராட்ஜர்ஸ் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். 2005 டிராஃப்டில் 24-ஆவது ஆளாக வந்தவர். 2010 பருவத்துக்கான சூப்பர் பவுலை, அதாவது லீகின் இறுதிப் போட்டியை, வென்று கொடுத்தார். லீகின் மிகச்சிறந்த வீரர் விருது நான்கு முறை. அதில் கடைசி இரண்டு 2020-லும் 2021-லும். பிறகு வந்த 2022-இல் கட்டைவிரல் முறிவோடு ஆடினார். 8 வெற்றி, 9 தோல்வி. கடைசி ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் டெட்ராய்ட் லயன்ஸிடம் 20-16 என்று தோற்றார்கள். அப்போது அவருக்கு 39 வயது.

ரசிகர்கள் பேசியது வயதையும் விசுவாசத்தையும். "டாம் பிரேடி 43 வயதில் சூப்பர் பவுல் ஜெயிக்கவில்லையா?" என்றது ஒரு தரப்பு. "பதினெட்டு வருஷம் போதும்" என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே நியாயமான பேச்சு. ஆனால் ட்ரேட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் அல்ல. ஒப்பந்தத்தில் மிச்சம் என்ன, நாள்காட்டியில் தேதி என்ன, பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்: இவைதான் முன்னால் நிற்கும்.

ஒப்பந்தத்திலிருந்து தொடங்கலாம். என்.எஃப்.எல்.-இல் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2023-இல் அது 22 கோடியே 48 லட்சம் டாலர். வீரருக்குக் கொடுக்கும் சைனிங் போனஸைப் பணமாக முன்கூட்டியே கொடுத்தாலும், உச்சவரம்புக் கணக்கில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. வீரரை அனுப்பும் நாளில், இன்னும் எழுதப்படாத போனஸ் பாக்கி முழுதும் பழைய அணியின் தலையில் அப்படியே விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். வண்டியை விற்ற பிறகும் தவணையை நாமே கட்டுவது மாதிரி.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்தாண்டு ஒப்பந்தம், சைனிங் போனஸ் 5 கோடி டாலர். ஆண்டுக்கு 1 கோடி கணக்கில் ஏறும். மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. நான்காம் ஆண்டுச் சம்பளம் இரண்டரைக் கோடி. வைத்துக்கொண்டால் அந்த ஆண்டுச் சுமை மூன்றரைக் கோடி. அனுப்பினால் சம்பளம் புது அணிக்குப் போய்விடும், ஆனால் 2 கோடி பாக்கி உடனே விழும். ஆக, மிச்சம் ஒன்றரைக் கோடிதான். "அவன் சம்பளம் முழுதும் மிச்சம்" என்று சொல்லும் ரசிகர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்.

அதே ட்ரேட்டை ஜூன் 1-க்குப் பிறகு செய்தால், இந்த ஆண்டு 1 கோடி, அடுத்த ஆண்டு 1 கோடி என்று பாக்கி இரண்டாகப் பிரியும். இந்த ஆண்டில் மட்டும் இரண்டரைக் கோடி மிச்சம். அப்படியானால் எல்லோரும் ஜூன் வரை காத்திருக்கலாமே? முடியாது. டிராஃப்ட் ஏப்ரலில் முடிந்துவிடும். ஜூனில் விற்றால் கைக்கு வருவது அடுத்த ஆண்டுத் தேர்வுகள்தான். ஓராண்டு தள்ளிக் கிடைக்கும் தேர்வை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். வீரரை நீக்கும்போது முன்னதாகவே நீக்கிவிட்டு ஜூன் கணக்கில் எழுதச் சலுகை உண்டு, அதுவும் ஆண்டுக்கு இரண்டு பேருக்கு. ட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ராட்ஜர்ஸ் விஷயத்தில் நோட்டு என்ன சொன்னது? அவர் கிரீன் பேயிலேயே இருந்திருந்தால் 2023-இல் உச்சவரம்பில் சுமார் 3 கோடியே 16 லட்சம். அனுப்பியதால் டெட் மணி 4 கோடியே 3 லட்சம். ஆமாம், அனுப்பியதில் கணக்குச் சுமை கூடத்தான் செய்தது. உச்சவரம்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல், வேறு சட்டை போட்டு ஆடும் ஆளுக்காக. பிறகு ஏன் செய்தார்கள்? கணக்கு வேறு, கையிலிருந்து போகும் ரொக்கம் வேறு. அவர் ஒப்பந்தத்தில் 5 கோடியே 83 லட்சம் டாலர் ஆப்ஷன் போனஸ் காத்துக்கொண்டிருந்தது. மார்ச் முதல் பருவத் தொடக்கம் வரை எப்போது வேண்டுமானாலும் அதை உறுதி செய்யலாம். உறுதி செய்தால் அந்த ரொக்கமும் போகும், டெட் மணி மலையும் இன்னும் உயரும், அடுத்த ஆண்டு அவரை நகர்த்தவே முடியாது.

இரண்டாவது, பெஞ்சு. 2020 டிராஃப்டில் 26-ஆவது ஆளாக எடுத்த ஜோர்டன் லவ் மூன்று பருவம் உட்கார்ந்தே இருந்தார். முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கும் நீட்டிக்க அணிக்கு ஓர் ஆப்ஷன் உண்டு. அதை ஏற்பதா என்று மூன்றாம் பருவம் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் அணி சொல்லியாக வேண்டும். ராட்ஜர்ஸ் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் லவ் பற்றி எதைச் சொல்வது? ஏப்ரல் 24-இல் உடன்பாடு, ஏப்ரல் 27-இல் டிராஃப்ட், மே தொடக்கத்தில் லவ்வுக்குச் சிறு நீட்டிப்பு ஒப்பந்தம். அந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

இடையில் மார்ச் 15-இல் ராட்ஜர்ஸ் தாமே ஒரு நிகழ்ச்சியில், நியூயார்க் ஜெட்ஸுக்கு ஆடத்தான் விருப்பம் என்று சொல்லிவிட்டார். இது விற்பவருக்கு விழுந்த அடி. வாங்க ஒரே ஆள் என்று தெரிந்த பிறகு விலை எப்படி ஏறும்? மூத்த வீரர் ஒருவர், ஒப்பந்தத்தில் ட்ரேட்-தடை விதி இல்லாவிட்டாலும், "வேறு ஊருக்கு அனுப்பினால் ஓய்வு பெறுகிறேன்" என்று சொல்ல முடியும். எழுதப்படாத அந்த விதிக்கு எழுதப்பட்டதைவிட வலு அதிகம்.

கிடைத்தது என்ன? பேக்கர்ஸுக்கு 2023-இல் 13, 42, 207-ஆவது தேர்வுகள், 2024-இல் நிபந்தனையோடு ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. ஜெட்ஸுக்கு ராட்ஜர்ஸோடு 15, 170-ஆவது தேர்வுகள். "முதல் சுற்றுத் தேர்வு வாங்கிவிட்டோம்!" என்று அன்று பலர் துள்ளினார்கள். வாங்கவில்லை. 15-ஐக் கொடுத்து 13-க்கு நகர்ந்தார்கள். 1990-களில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் வந்த மதிப்புப் பட்டியலில் 13-க்கு 1150 புள்ளி, 15-க்கு 1050. வித்தியாசம் 100. அந்தப் பட்டியலில் 100 புள்ளி என்பது 100-ஆவது தேர்வின் விலை. 42-ஆவது தேர்வுக்கு 480. ஆக, அன்று கையில் உறுதியாக வந்தது ஒரு நல்ல இரண்டாம் சுற்றும் கொஞ்சம் சில்லறையும்தான். மீதி அந்த நிபந்தனையில் இருந்தது: 2023-இல் ஜெட்ஸின் தாக்குதல் ஸ்நாப்களில் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்நாப்) 65 சதவீதத்தில் ராட்ஜர்ஸ் களத்தில் இருந்தால், 2024 தேர்வு முதல் சுற்றுக்கு ஏறும்.

செப்டம்பர் 11, பஃபலோ பில்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம். ராட்ஜர்ஸின் நான்காவது ஸ்நாப்பில் குதிகாலுக்கு மேலே அக்கிலிஸ் தசைநார் அறுந்தது. அத்தோடு பருவம் முடிந்தது. நிபந்தனையும் போயிற்று. பேக்கர்ஸுக்கு வந்தது 41-ஆவது தேர்வு. அதையும் நியூ ஆர்லியன்ஸிடம் கொடுத்து நாலு இடம் இறங்கி, கூடுதல் தேர்வுகளோடு 45-இல் எட்ஜரின் கூப்பரை எடுத்தார்கள். மூத்த வீரருக்கு இப்படி ஆடும் அளவைப் பொறுத்து விலை வைப்பது வாங்குபவருக்குக் காப்பீடு. விற்கும் பக்கத்து ரசிகர் அதைக் கிடைத்துவிட்டதாக எண்ணிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இதைவிட அடிக்கடி நடக்கும் தப்பு இந்த விவாதங்களில் வேறு இல்லை.

லவ் அந்தப் பருவத்தில் 32 டச்டவுன் எறிந்தார், அதாவது எதிரணி எல்லைக்குள் போய்ப் புள்ளி தந்த எறிகள். பருவ முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் டல்லாஸை அதன் மைதானத்திலேயே 48-32 என்று வீழ்த்தினார்கள். மாற்று ஆள் தயாராக இருந்ததால்தான் நாலு கோடி டெட் மணியைத் தாங்க முடிந்தது. அவர் இல்லாமல் இதே ட்ரேட்டைச் செய்திருந்தால் அது மடத்தனம்.

கிரீன் பேக்கு இது பழகிய பாடம். 2008-இல் ராட்ஜர்ஸுக்கு முந்தைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரையும் இதே ஜெட்ஸுக்குத்தான் அனுப்பினார்கள், அதுவும் நிபந்தனைத் தேர்வுக்கு. ஜெட்ஸ் 9 வெற்றி, 7 தோல்வி என்று முடித்து பிளேஆஃபுக்குப் போகாததால் தேர்வு மூன்றாம் சுற்றோடு நின்றது. பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸுக்கு ஜெட்ஸ் அவரை ட்ரேட் செய்தால் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் அபராதம் என்று ஒரு விதியும் போட்டிருந்தார்கள். நடந்தது என்ன? ஃபாவ்ர் ஓய்வு அறிவித்தார், ஜெட்ஸ் விடுவித்தது, 2009 ஆகஸ்டில் வைக்கிங்ஸில் கையெழுத்திட்டார், பேக்கர்ஸை இரண்டு முறையும் தோற்கடித்தார். விதி ட்ரேட்டைத் தடுத்தது, விடுவிப்பதைத் தடுக்கவில்லை.

பருவத்தின் நடுவே நடக்கும் ட்ரேட் வேறு ரகம். இப்போது கடைசி நாள் 9-ஆம் வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை. சம்பளம் வாராவாரம் போவதால், வாங்குபவர் மீதி வாரங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். 2021 நவம்பர் 1-இல் டென்வர் பிராங்கோஸ் 32 வயது வான் மில்லரை லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸுக்கு அனுப்பியது. 50-ஆவது சூப்பர் பவுலின் சிறந்த வீரர், ஊரே கொண்டாடியவர். மீதிச் சம்பளம் 97 லட்சம் டாலரில் 90 லட்சத்தை டென்வரே கட்டியது. "நம் காசையும் கொடுத்து ஆளையும் கொடுப்பதா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் ராம்ஸுக்கு உச்சவரம்பில் இடம் குறைவு. காசைக் கட்டியதால்தான் இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் வந்தன. ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிற ஆள். சும்மா போகவிட்டிருந்தால் லீக் தரும் ஈட்டுத் தேர்வு அதிகபட்சம் மூன்றாம் சுற்றின் கடைசியில், அதுவும் ஓராண்டு தள்ளி. ராம்ஸ் அந்த ஆண்டு சூப்பர் பவுல் வென்றது. டென்வர் 64-ஆவது தேர்வில் நிக் பொனிட்டோவை எடுத்தது.

வாங்குபவர் பக்கம் ரசிகர்கள் பொதுவாகக் கோட்டை விடுவது, வந்த பிறகு எழுதும் புது ஒப்பந்தத்தை. ஜெட்ஸ் 2025-இல் ராட்ஜர்ஸை நீக்கியபோது 4 கோடியே 90 லட்சம் டெட் மணி. அதில் 1 கோடியே 40 லட்சம் 2025-க்கு, மீதி மூன்றரைக் கோடி 2026-க்கு.

டென்வர் இதைவிடப் பெரிதாக அடிபட்டது. மில்லரை அனுப்பி நாலே மாதம். அதே பொது மேலாளர் ஜார்ஜ் பேட்டன், 2022 மார்ச்சில் சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து ரஸ்ஸல் வில்சனை வாங்கினார். இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு, கூடவே மூன்று வீரர்கள். வில்சன் டென்வருக்காக ஓர் ஆட்டம் ஆடும் முன்பே ஐந்தாண்டு நீட்டிப்பு. முதல் பருவம் 5-12. அந்தத் தோல்விகளால் சியாட்டிலுக்குப் போன முதல் சுற்றுத் தேர்வு 5-ஆவது இடத்துக்கு ஏறியது, அதில் அவர்கள் டெவன் விதர்ஸ்பூனை எடுத்தார்கள். 2024 மார்ச்சில் வில்சனை நீக்கியபோது டென்வர் நோட்டில் எட்டரைக் கோடி டெட் மணி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து.

அந்தச் சுமையோடு 2024-இல் டென்வர் 10-7 என்று முடித்து பிளேஆஃபுக்குப் போனது. குவார்ட்டர்பேக், புதுமுக ஒப்பந்தத்தின் மலிவுச் சம்பளத்தில் ஆடிய போ நிக்ஸ். எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தை எறியும் முன்பே வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர். அதில் பதின்மூன்றரை எடுத்து அணியில் முன்னால் நின்றவர், மில்லரை அனுப்பிக் கிடைத்த தேர்வில் வந்த அந்த பொனிட்டோ.

நன்றி, வணக்கம்.