வீராணம் கரையில் வீடு வாங்கலாமா? காட்டுமன்னார்கோயில் வ்லாக்

வணக்கம் மக்களே. வீராணம் ஏரிக்கரை மேல் நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆனதும் ஏரி பக்கம் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கிப் போய்விடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பாண்டிச்சேரியில் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அதனால் கடலூர் மாவட்டத்தில் இந்த ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை பக்கம் பார்க்கலாமா என்று கேள்வி. தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் வீட்டைப் பார்க்கும் முன் ஊர்க் கதையைக் கேளுங்கள். இங்கே பத்திரத்தில் வருகிற பாதிச் சிக்கல் அந்தக் கதையிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஏரி. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், அவர் மகன் இராஜாதித்தன் வெட்டியது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக இங்கே வருகிறது. முழு மட்டம் 47.50 அடி, அப்போது 1,465 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பித்தான் இருக்கிறது. சென்னைக்காரர்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீர்தான், 2004லிருந்து.

கேமராவைத் திருப்புகிறேன். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் வயல். வலது பக்கம் எவ்வளவு பள்ளம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செங்கால் ஓடை வழியாக அரியலூர்ப் பக்கத்து மழைத் தண்ணீரும் இங்கேதான் வந்து சேரும். ஏரி தாங்காது என்றால் வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுவார்கள். குமராட்சி, திருநாரையூர் பக்கம் தாழ்வான இடமெல்லாம் வெள்ளக்காடு. சித்திரையில் மனையைப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு அடைமழை நாளில் வந்து பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

"ஏரி வியூ மனை" என்று யாராவது சொன்னால் என் காது நிமிர்ந்துவிடும். ஏரிப் புறம்போக்கில், அதாவது ஏரிக்கென்று ஒதுக்கிய அரசு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, "வீட்டு வரி கட்டுகிறோம், கரண்ட் இருக்கிறது" என்பார்கள். வரி ரசீது வைத்து இடம் உங்களுடையது ஆகிவிடாது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம். சர்வே எண்ணை வைத்துப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேடும் (நிலம் எந்த வகை, யார் பெயரில் என்று காட்டும் அரசுப் பதிவு) ஆன்லைனிலேயே பார்க்கலாம். பத்து நிமிஷ வேலை.

சரி, ஊருக்குள் வந்தாச்சு. இது உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது, இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. எல்லாரும் "யார் கொன்றது?" என்று கேட்டு வருகிறார்கள். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் இருக்கிறது, சரி. எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் மற்ற பகுதி. வாசித்துப் பார்த்தால் அது ஒரு சொத்து ஆவணம்! துரோகம் செய்தவர்கள் சொத்து மட்டுமல்ல, தாய்மாமன் சொத்து, கூடப்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் சொத்து வரை பறிமுதல் செய்யச் சொல்லி உத்தரவு. பறிமுதலான நிலத்தைப் பிறகு ஒருவர் விலை கொடுத்து வாங்கி, கோயிலில் சாப்பாடு போடுவதற்கு எழுதி வைக்கிறார். யார் நிலம், எப்படிக் கை மாறியது, இப்போது யாருக்கு என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. சொத்து யார் யார் கை மாறியது என்று பதிவு அலுவலகம் தருகிற இந்தக் காலத்து வில்லங்கச் சான்றில் கூட இவ்வளவு விவரம் வராது.

இப்படி எழுதி எழுதித்தான் கோயிலுக்கு நிலம் சேர்ந்தது. வைணவ ஆச்சாரியர்கள் நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர் வேறு, வீரநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி வீடு பார்க்கும்போது முதல் கேள்வி: அடிமனை யாருடையது? கட்டடம் மட்டும் விற்பவருடையது, மண் கோயிலுடையது என்றால் நீங்கள் வாங்குவது சுவரும் ஓடும்தான். கோயிலுக்கு மாதா மாதம் அடிமனை வாடகை கட்ட வேண்டும், பேங்க் லோனும் சுலபத்தில் கிடைக்காது.

இப்போது ஒரு ஓட்டு வீட்டுக்குள் வந்திருக்கிறேன். விற்கிற வீடுதான், தெருப் பெயர் வேண்டாம். தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும், ஏரி ஊரில் இது நல்ல சங்கதி. திண்ணையில் தலை வைக்கச் சாய்வாக ஒரு மேடு கட்டியிருக்கிறார்கள், அதிலேயே படுத்துவிடலாம் போல இருக்கிறது. நிலையில் கஜலட்சுமி. முற்றத்தை மட்டும் பச்சை ஷீட் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள், பார்த்தாலே வயிறு எரிகிறது. இங்கே பாருங்கள், முழங்கால் உயரத்துக்குச் சுவரில் உப்பு பூத்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசியதால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. உத்திரத்தைத் தட்டுகிறேன், கேளுங்கள். இந்தப் பக்கம் கணீர், அந்தப் பக்கம் பொத். கரையான். விலை பேசும்போது அந்த 'பொத்'தை மறக்காதீர்கள்.

லால்பேட்டையில் கதை வேறு. வெற்றிலைக் கொடிக்கால் ஒரு பக்கம், வளைகுடாப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள் ஒரு பக்கம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், இங்கே ஒருவர் பவர் பத்திரத்தோடு, அதாவது அவர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரத்தோடு வருவார். அது நம் தூதரகத்தில் சான்று பெற்றதா, இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வீடியோ காலும் பேசிவிடுங்கள், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

கணக்குப் போடும்போது, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்குச் சிதம்பரம் போக வேண்டும்.

அந்த ஓட்டு வீட்டுக்கு என்ன விலை சொன்னார்கள் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். வீடியோவில் ஒரு தொகை வந்தால் அடுத்த வாரம் தெரு முழுக்க அதுதான் விலை. கமெண்டில் சர்வே எண்ணைப் போட்டு "அண்ணா, இது ஓகேவா" என்று கேட்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், புரோக்கர்களும் இந்தச் சேனலைப் பார்க்கிறார்கள்.