ஐஷிஷோக் ஊரின் படங்கள்

நண்பர்களே, வணக்கம். இன்று ஒரு சின்ன ஊரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். லிதுவேனியாவில், வில்னியஸ் நகருக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே வாழ்ந்த யூதர்கள் அதை ஐஷிஷோக் என்று அழைத்தார்கள்.

1941 செப்டம்பர் கடைசியில் அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இருந்த யூதர்களை நாஜிப் படையும் உள்ளூர்த் துணைப்படையும் சுட்டுக் கொன்றன. கொன்றவர்கள் கணக்கும் எழுதி அனுப்பினார்கள். ஆண்கள் 989, பெண்கள் 1,636, குழந்தைகள் 821. மொத்தம் 3,446. அவ்வளவுதான். ஒரு பெயர்கூட அதில் இல்லை.

தப்பிப் பிழைத்த சிலரில் ஒரு சிறுமி, யாஃபா எலியாக். பின்னாளில் நியூயார்க்கில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். அவருடைய தாத்தாவும் பாட்டியும் ஐஷிஷோக்கில் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர்கள். 1979-ல் கொலைக்களங்களைப் பார்க்கப் போன அமெரிக்க அரசுக் குழுவில் அவரும் இருந்தார். கொல்லப்பட்ட அந்த மக்கள் செத்த விதம் மட்டும் நினைவில் நின்றால் போதாது, வாழ்ந்த வாழ்க்கையும் நிற்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தார்.

சரி, படங்களுக்கு எங்கே போவது? அந்தக் குடும்பங்களே இல்லையே!

அங்கேதான் தபால் கைகொடுத்தது. யூதப் புத்தாண்டு வந்தால் படம் எடுத்து, வாழ்த்து எழுதி, கடல் தாண்டிய உறவினருக்கு அனுப்புவது அந்த மக்களின் பழக்கம். ஊரில் இருந்தவை பெரும்பாலும் அழிந்தாலும், அனுப்பியவை யார் யார் வீட்டு ஆல்பத்திலோ பத்திரமாக இருந்தன. யாஃபா பல வருடங்கள் வீடு வீடாகத் தேடி, கிட்டத்தட்ட 6,000 படங்களைச் சேர்த்தார். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அவற்றில் ஏறக்குறைய ஆயிரம் படங்கள், 1993-ல் வாஷிங்டனில் திறந்த இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில், மூன்று மாடி உயரக் கோபுரமாக நிற்கின்றன. உள்ளே ஒரு பாலத்தில் நடந்து பார்க்க வேண்டும். கல்யாணக் கோலத்தில் ஒரு ஜோடி, சைக்கிளோடு இளைஞர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த 821-ல் எத்தனை பேர் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ!

படங்களைக் காக்கும் வேலையில் இருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி வைத்துவிடாதீர்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். தேதியும் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எழுத்தே இல்லையென்றால், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டி "இது யாரு?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகப் பக்கத்தில் இருங்கள்.