ஆமாம், ஆஃப் பண்ணி ஆன் பண்றவங்கதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மென்பொருள் வேலை மனிதரை உயர்த்துகிறதா, உருக்குகிறதா?' என்பது தலைப்பு. உயர்த்துகிறது என்பது என் கட்சி. அதுக்கு மூணு காரணம் எழுதிக் கொண்டுவந்தேன். அந்தத் தாளை மடிச்சுப் பையில வச்சுட்டேன் நடுவரே. ஏன்னா, எனக்கு முன்னாடி பேசின எதிரணி ஐயா ஒண்ணு சொல்லிட்டுப் போனார்: "இவங்க என்ன பெரிய வேலை பாக்குறாங்க? கம்ப்யூட்டர் நின்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுவாங்க. இதுக்கு ஒரு பட்டம், ராத்திரி முழுக்க முழிப்பு!" நீங்களும் கைதட்டினீங்க. இதுக்குப் பதில் சொல்லாம நான் இறங்குறதா இல்லை.

ஐயா, 1969 ஜூலை 20. நிலாவோட தரைக்கு மேல சுமார் 10 கிலோமீட்டர் உயரம். அப்பல்லோ 11 இறங்கிட்டிருக்கு. உள்ள ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின். திடீர்னு கம்ப்யூட்டர்ல ஒரு அலாரம். நம்பர் 1202. அப்படின்னா என்னன்னு உள்ள இருக்குற ரெண்டு பேருக்கும் தெரியலை. ஆம்ஸ்ட்ராங் பூமியைக் கேக்குறார், இது என்னன்னு சொல்லுங்கன்னு. இறங்குறதா, திரும்புறதா? யோசிக்க நிமிஷக் கணக்குல நேரம் கிடையாது, நொடிக் கணக்குதான்.

என்ன ஆச்சு? ஒரு ராடார், அந்த நேரத்துக்குத் தேவையே இல்லாத சிக்னலை அனுப்பி, கம்ப்யூட்டரோட நேரத்தைத் தின்னுட்டிருக்கு. வேலை மேல வேலை குவியுது. முடியலைன்னா அது உறைஞ்சு நின்னிருக்கணும். நிக்கலை. என்ன பண்ணுச்சு தெரியுமா? ஐயா எதைக் கேலி பண்ணாரோ, அதையேதான் பண்ணுச்சு! தன்னைத்தானே ரீஸ்டார்ட் பண்ணிக்கிச்சு. எழுந்ததும் இன்ஜினை இயக்குற வேலை, கலம் சாயாம பாத்துக்குற வேலை, இதையெல்லாம் விட்ட இடத்துலேருந்து பிடிச்சுக்கிச்சு. அவசரமில்லாததைத் தூக்கிப் போட்டுடுச்சு. மறுபடி அலாரம். மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி அலாரம். மறுபடி ரீஸ்டார்ட். அப்படியே நிலாவுல இறங்கிடுச்சு!

கைதட்டலுக்கு நன்றி. ஆனா இது பாதிக் கதைதான். பூமியில என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், அதே நொடிக்குத் திரும்ப வாங்க. 1202 அடிச்சுட்டு இருக்கு. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில, கலத்தோட வழிகாட்டும் கம்ப்யூட்டரைக் கவனிச்சுக்குறவர் ஸ்டீவ் பேல்ஸ், வயசு 26. பின்னறையிலேருந்து அவர் காதுல பேசுறவர் ஜாக் கார்மன், வயசு 24. 'சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்'னு நாம தள்ளி விடுற வயசு. அந்தப் பையன் மேசையில, கண்ணாடிக்குக் கீழ, கையால எழுதின ஒரு தாள் இருக்கு. அதுல ஒவ்வொரு அலாரம் நம்பரும், அதுக்கு என்ன செய்யணும்ங்கறதும் இருக்கு. அந்தத் தாள் எப்படி வந்துச்சு? சில நாள் முன்னாடி நடந்த ஒத்திகையில இதே வகை அலாரம் ஒண்ணு வந்து, பயந்து தரையிறக்கத்தை ரத்து பண்ணிட்டாங்க. ரத்து பண்ண வேண்டியதே இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸ் ஒரே பிடியா பிடிச்சார்: எல்லா அலாரத்தையும் ஒண்ணு விடாம எழுதி வைங்க. எழுதினாங்க. 1202 வந்தப்ப கார்மன் தாளைப் பாத்தார், அலாரம் இடைவிடாம வராத வரைக்கும் போகலாம்னார். பேல்ஸ் 'போகலாம்'னார். போயிட்டாங்க.

ரீஸ்டார்ட்டுங்கறது பட்டனை அமுக்குறது இல்லைங்க. எழுந்த பிறகு எதைப் பிடிச்சுக்கணும், எதை விட்டுடணும்னு முன்கூட்டியே யோசிச்சு வைக்கணும். அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஹால் லேனிங் வடிவமைச்ச அடித்தளத்து மேல, மார்கரெட் ஹாமில்டன் தலைமையில ஒரு குழு அதை வருஷக்கணக்குல யோசிச்சு எழுதியிருந்தது. மூளையும் பொறுப்பும் அங்க இருக்கு ஐயா.

சரி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணலைன்னா என்ன ஆகும்? அதையும் கேளுங்க. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவுதி அரேபியாவுல தாஹ்ரான். எதிரி ஏவுகணையை வழிமறிக்கிற பேட்ரியாட் அமைப்பு ஒண்ணு சுமார் 100 மணி நேரமா நிறுத்தாம ஓடிட்டிருந்தது. அதோட கடிகாரம் நொடியில பத்துல ஒரு பங்கா எண்ணும். அந்தப் பத்துல ஒண்ணை கம்ப்யூட்டரோட இரும எண்கள்ல துல்லியமா எழுத முடியாது, கடுகளவு மிச்சம் விட்டுப்போகும். 100 மணி நேரத்துல அந்தக் கடுகெல்லாம் சேந்து நொடியில மூணுல ஒரு பங்கு ஆயிடுச்சு. அந்த நேரத்துக்குள்ள ஈராக் ஏவின ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல நகந்துடும். ராடார் தப்பான இடத்துல தேடுச்சு. ஏவுகணையை வழிமறிக்கவே இல்லை, அது படைமுகாம்ல விழுந்து 28 அமெரிக்க ராணுவ வீரர்கள் செத்துப் போனாங்க. ரொம்ப நேரம் தொடர்ந்து ஓடினா பிசகும்னு நாலு நாள் முன்னாடியே செய்தி போயிருந்தது. 'ரொம்ப நேரம்'னா எவ்வளவு நேரம்னு அதுல எழுதலை. திருத்தின மென்பொருள் மறுநாள்தான் அங்க வந்து சேந்தது. அன்னிக்குக் காலையில யாராவது ஒருத்தர் அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தா, கடிகாரம் பூஜ்யத்துலேருந்து தொடங்கியிருக்கும்! அந்த 28 பேரும் அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பாங்க.

எதிரணி சொன்ன கழுத்துவலி உண்மை. தூக்கம் கெடறது உண்மை. நாளைக்கு இந்த வேலை இருக்குமாங்கற பயம் உண்மை, குறியீட்டை இயந்திரமே எழுதுற காலத்துல அந்தப் பயம் எனக்கும் உண்டு. எதையும் மறுக்கலை. ஆனா ஒரு ராத்திரியைப் பத்திச் சொல்லணும்.

நான் பாத்துக்குற மென்பொருள்ல ஒண்ணு, ரத்த வங்கியில எந்தப் பிரிவு ரத்தம் எத்தனை யூனிட் இருக்குன்னு காட்டுறது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், போன் அடிச்சுது. ஒரு நர்ஸம்மா. "சார், ஓ நெகட்டிவ் வேணும், திரை சுத்திக்கிட்டே இருக்கு, வரவே மாட்டேங்குது." பக்கத்துல மக தூங்குறா. வெளிச்சம் அவ முகத்துல படாம போர்வையால லேப்டாப்பை மறைச்சுக்கிட்டு லாகை, அதாவது கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கிற நடப்புக் குறிப்பைப் பாக்குறேன். மாசக் கடைசி ரிப்போர்ட் ஒண்ணு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருக்கு. அவசரமே இல்லாத ரிப்போர்ட்! அதைக் கில் பண்ணினேன். சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினேன். "இப்ப பாருங்கம்மா"ன்னேன்.

"வந்துடுச்சு"ன்னாங்க. போனை வைக்கக்கூட இல்லை, அப்படியே போட்டுட்டு ஓடிட்டாங்க. லைன் திறந்தே இருக்கு. "ரெண்டு யூனிட் இருக்கு, எடுங்க, எடுங்க!"ன்னு அவங்க கத்தறது எனக்குக் கேக்குது. யாரோ ஓடுற சத்தம் கேக்குது. ஒரு கதவு திறக்குது.

அந்த ரத்தம் யாருக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது நடுவரே. நோயாளி விவரம் என் கண்ணுல படக்கூடாது, படாத மாதிரிதான் நாங்களே கட்டியிருக்கோம். ஒரு அம்மாவா இருக்கலாம். அன்னிக்குத்தான் பிறந்த குழந்தையா இருக்கலாம். பொழைச்சாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் மனசு கேட்டுட்டே இருக்கு. போர்வையை எடுத்து மகளுக்குப் போத்திட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். அழுகையா வந்துச்சு. உருகினேன் ஐயா, நீங்க சொன்ன அதே உருக்கம்தான்! இன்னொரு தடவை கூப்பிட மாட்டாங்களான்னு ஏங்க வைக்கிற உருக்கம்.

மணி அடிச்சுட்டீங்க. மூணு காரணமும் பையிலேயே இருக்கட்டும். இந்த வாரம் ஆன்-கால், அதாவது எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுக்குற பொறுப்பு, என் முறை; போன் அடிச்சா மேடைன்னும் பாக்காம எடுத்துடுவேன், பொறுத்துக்கோங்க. நன்றி, வணக்கம்.