இருப்புப்பாதையின் உடைமையும் நட்டத்தின் பொறுப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ரயில் பயணச்சீட்டு ஒன்று உங்கள் கைப்பையில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவீதத்தை மட்டுமே ரயில்வே பயணிகளிடமிருந்து திரும்பப் பெறுகிறது என்று அதில் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கும். படிக்கும் போது யாருடைய தயவிலோ பயணம் செய்வது போன்ற கூச்சம் நமக்கு வருகிறது. ஆனால் மீதி 43 சதவீதத்தின் பெரும்பகுதி சரக்குக் கட்டணத்திலிருந்து வருகிறது. சரக்குகளில் முதலிடம் நிலக்கரிக்கு. அந்த நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறவர்களும் நாம்தான். சீட்டில் கொடுக்காததை மின்கட்டணத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ரயில்வே அரசிடம் இருக்க வேண்டுமா, தனியாரிடம் போகலாமா என்ற கேள்வியை நான் இந்த வரியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். நட்டம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பதைப் பார்க்காமல் உடைமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தனியார் ரயில் நமக்குப் புதிது என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் ரயில் பிறந்ததே தனியார் கையில்தான். 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ஓடிய முதல் பயணிகள் ரயிலும், 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட ரயிலும், லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனிகளுடையவை. அந்தக் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உறுதி. ரயில் ஓடி அவ்வளவு ஈட்டாவிட்டால், குறைகிற தொகையை இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் நிலவரி கட்டிய விவசாயியிடமிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நிலம் இலவசம். தொழில் பிடிக்கவில்லை என்றால் ஆறு மாத அறிவிப்புக் கொடுத்துப் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு, போட்ட முதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையும் கம்பெனிக்கு உண்டு.

இப்படி ஓர் உத்தரவாதம் இருந்தால் சிக்கனம் யாருக்கு வேண்டும்? மைலுக்குச் சுமார் 8,000 பவுன் ஆகும் என்று தொடக்கத்தில் போட்ட கணக்கு, 1860-களின் முடிவில் சுமார் 18,000 பவுனாக வளர்ந்து நின்றது. இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாசி, 1872-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது இதை மறைக்காமல் சொன்னார். ஐந்து சதவீதம் உறுதியாகிவிட்ட முதலாளிக்கு, தன் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் ஒன்றுதான், செங்கல்லும் சுண்ணாம்புமாக மாற்றினாலும் ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். தனியார் துறையின் பெருமையாக நாம் கேள்விப்படுவது, சொந்தப் பணத்தைப் போட்டவன் கண்ணும் கருத்துமாக இருப்பான் என்பதுதானே. நட்டத்தை ஊரார் தலையில் கட்டிவிட்ட பிறகு அந்தக் கண்ணும் கருத்தும் இருக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது.

இதன் சுமையை ஏற்றவர்கள் மூன்றாம் வகுப்பில் நெரிந்தவர்கள். 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, 22 பேருக்கான பெட்டியில் பெரும்பாலான நேரம் 35 பேருக்குக் குறையாமல் இருந்ததையும், பயணம் முழுவதிலும் அந்தப் பெட்டி ஒருமுறைகூடப் பெருக்கப்படாததையும் எழுதினார். முதல் வகுப்புக்காரர் ஐந்து மடங்குக்கு மேல் கட்டணம் தருகிறார், சரி. அவருக்குக் கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரருக்குக் கிடைக்கிறதா என்று காந்தி கேட்டார். பாதைகளில் பெரும்பாலானவற்றை அதற்குள் அரசே விலைகொடுத்து வாங்கியிருந்தது. ஆயினும் நடத்தும் உரிமை கம்பெனிகளிடமே விடப்பட்டிருந்தது. அந்த உரிமையையும் அரசே ஏற்க வேண்டும் என்பது இந்தியத் தலைவர்களின் கோரிக்கையாயிற்று. இதை ஆராய 1920-இல் அமைந்த ஆக்வொர்த் குழுவில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் உறுப்பினர். குழு இரண்டாகப் பிரிந்தது. தலைவர் ஆக்வொர்த் அரசு நிர்வாகத்தின் பக்கம் நின்றார். 1925-இல் இரண்டு பெரிய கம்பெனிகளின் நிர்வாகம் அரசிடம் வந்தது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே வர 1944 ஆயிற்று.

அடுத்த பாடம் அந்தக் கம்பெனிகள் புறப்பட்டு வந்த பிரிட்டனிலேயே கிடைத்தது. அதைச் சொல்லும் முன், தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் ஊழியரான நம் ஊர்க் கீமேனை நினைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட் அருகே குடியிருப்பவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். காலை வெயில் ஏறுவதற்குள், தோளில் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலும் சுருட்டிய சிவப்பு, பச்சைக் கொடிகளுமாகத் தன் எல்லைக்குள் உள்ள பாதை முழுவதையும் நடந்து, தளர்ந்து நிற்கும் கிளிப்பைத் தட்டி இறுக்கி, இணைப்புகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு போவார். எந்த வளைவில் மழைக்குப் பின் ஜல்லி இறங்கும் என்பது எந்தப் பதிவேட்டையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

1993-இல் சட்டம் இயற்றி ரயில்வேயைத் தனியார்மயமாக்கிய பிரிட்டனில், தண்டவாளம் ரெயில்டிராக் என்ற கம்பெனிக்குப் போனது. அதன் பங்குகள் 1996-இல் சந்தையில் விற்கப்பட்டன. ரயிலை ஓட்டியவர்கள் வேறு கம்பெனிகள். பாதையைப் பராமரித்தவர்களும் புதுப்பித்தவர்களும் ஒப்பந்தக்காரர்கள். இருப்புப்பாதையின் உடைமையாளருக்குத் தன் உடைமை எந்த நிலையில் இருக்கிறது என்பதே முழுமையாகத் தெரியாமல் போயிற்று. 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டு அருகே ஒரு வளைவில், மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் லீட்ஸுக்குச் சென்றுகொண்டிருந்த ரயிலின் அடியில் தண்டவாளம் சிதறியது. நால்வர் இறந்தனர். நுண்ணிய வெடிப்புகள் பரவியிருந்த அந்தத் தண்டவாளத்தை மாற்ற வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது. மாற்றுத் தண்டவாளமும் வந்து, பொருத்த ஆளில்லாமல் பாதையோரத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. வாங்கியவர் ஒருவர், பொருத்த வேண்டியவர் இன்னொருவர், பாதையை மூடி நேரம் ஒதுக்க வேண்டியவர் மற்றொருவர் என்று பொறுப்பு சிதறியதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வேறு எங்கெல்லாம் வெடிப்பு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாததால், நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைக்க உத்தரவிட்டார்கள். அடுத்த ஆண்டில் அந்தக் கம்பெனி அரசிடம் மேலும் பணம் கேட்டது. அதே ஆண்டில் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் கொடுத்தது. 2002-இல் பாதைகள் லாப நோக்கமற்ற நெட்வொர்க் ரெயில் அமைப்புக்கு மாறின. 2024-இல் பயணிகள் ரயில்களையும் பொது உடைமைக்குக் கொண்டுவரச் சட்டம் நிறைவேறியது.

ஜப்பான் வெற்றி பெறவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு; நியாயமான கேள்வி. 1987-இல் அங்கே அரசு ரயில்வேயைப் பல கம்பெனிகளாகப் பிரித்தபோது பெரும்பாலும் ரயிலை ஓட்டுகிறவரே பாதைக்கும் பொறுப்பாளராக இருந்தார். நன்மைக்கு அது முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். ஆனால் சுமார் 37 லட்சம் கோடி யென் கடனின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் கணக்கில் இறக்கிவைத்த பிறகே அந்தக் கம்பெனிகள் புறப்பட்டன. மக்கள்தொகை மெலிந்த ஹொக்கைடோவின் கம்பெனி இன்றும் அரசின் கையில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் 2020-இல் 109 தடங்களில் 151 தனியார் ரயில்களுக்கு அழைப்பு விடப்பட்டது. 2021-இல் விலைப்புள்ளி திறந்தபோது முன்வந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐஆர்சிடிசி. ஐந்து சதவீத உத்தரவாதம் இல்லாத இடத்தில் ஆர்வம் எவ்வளவு என்பதை இது காட்டுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதற்காக, அரசிடம் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையை நிறுத்தியது எந்தத் தனியார் கம்பெனியும் அன்று. முன்பதிவில்லாப் பெட்டியின் வாசலில் தொங்குகிறவர், காந்தியின் ஐந்தில் ஒரு பங்குக் கேள்வியை இன்றும் அரசைப் பார்த்துக் கேட்கலாம்.

தண்டவாளமும் சிக்னலும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களும் ஒரே பொது அமைப்பின் கீழ், அதன் நிரந்தரப் பணியாளர்களாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். தனியார் எவரேனும் ரயில் ஓட்ட வந்தால், லாபத்தைப் போலவே நட்டமும் அவருடையது என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். புறநகர் ரயிலுக்கும் சிற்றூர்ப் பாசஞ்சருக்கும் ஆகும் செலவை சமூகச் சேவை என்ற தனித் தலைப்பில் நாடாளுமன்றத்தில் வைத்து அரசுக் கருவூலமே கொடுக்க வேண்டும். பயணச்சீட்டில் அந்த 57 சதவீத வரி இருக்கும் இடத்தில், மீதித் தொகை யாரிடமிருந்து எப்படி வருகிறது என்பதை அச்சிட வேண்டும்.

வணக்கம்.