படிக்குக் கீழே கிடக்கும் பத்து விரல்

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி என் காலை வாரப் பார்த்த எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்திருக்கும் ரேஸ்கோர்ஸ் நடைப்பயிற்சி அன்பர்களுக்கும் வணக்கம்.

"உடற்பயிற்சிக்கும் பாத நலனுக்கும் உகந்தது மெத்தை வைத்த ஷூவா, வெறுங்காலை ஒத்த விரல் ஷூவா?" என்பது தலைப்பு. விரல் ஷூவே என்று பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மேடையில் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதனால் நடுவர் உட்பட நாங்கள் ஏழு பேரும் படிக்குக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏறினோம். மெத்தை ஷூ இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும், இடுப்பு போய்விடும் என்று கால் மணி நேரம் முழங்கினாரே எதிரணித் தலைவர், அந்தக் கால் மணி நேரமும் வெறுங்காலில்தான் நின்றார். நன்றாகத்தான் இருக்கிறார். இப்போது தண்ணீர்கூடக் குடிக்கிறார்.

கீழே கிடப்பதில் ஒரு ஜோடி மட்டும் தவளைக்கால் மாதிரி இருக்கும். அது என்னுடையது. கைக்கு உறை போடுவதுபோல ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அறை, அடியில் மெல்லிய ரப்பர், குதிகால் பக்கம் மேடு கிடையாது, மெத்தை கிடையாது. மலையேறுகிறவர்களுக்கு ரப்பர் அடி செய்துகொடுக்க 1937-இல் விட்டாலே பிரமானி என்ற இத்தாலியர் தொடங்கிய விப்ரம் நிறுவனம்தான் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ராபர்ட் ஃப்ளிரி என்ற வடிவமைப்பு மாணவரின் யோசனை. ஆரம்பத்தில் படகுப் போட்டிக்காரர்கள் ஈரத் தளத்தில் வழுக்காமல் நிற்பதற்கு என்றுகூட விற்றார்கள்.

முதல் நாள் நான் இதைப் போட்ட கதையைச் சொன்னால் எதிரணிக்கு வசதியாகப் போய்விடும். பரவாயில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலை நுழைக்கிறேன். பெருவிரல் சமர்த்தாகத் தன் அறைக்குள் போய்விட்டது. அடுத்த இரண்டும் போயின. நான்காவது விரல் போகும்போது சுண்டுவிரலையும் கூடவே இழுத்துக்கொண்டு ஒரே அறைக்குள் குடிபோய்விட்டது. கடைசி அறை காலியாகத் தொங்குகிறது. கழற்றி மறுபடி நுழைக்கிறேன், மறுபடி அதே கதை. என் மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, சுண்டுவிரலை அசைங்க பார்க்கலாம்" என்றாள். அசைக்கிறேன், நடுவர் அவர்களே, அசையவில்லை! ஐம்பத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிற விரல், நான் சொன்னால் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவில் ஆரம்பித்து பேங்க் வேலை ஷூ வரைக்கும் அதை நான் கூர்முனைக்குள் அடைத்தே வைத்திருந்தேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் இருக்கின்றன. தசை, தசைநாண், தசைநார் எல்லாம் சேர்த்தால் நூற்றுக்கு மேல். இத்தனையும் ஒரு மரக்கட்டையாக இருப்பதற்காகவா? கை முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டவரைப் பாருங்கள். கட்டைப் பிரித்ததும் அந்தக் கை சூம்பிப்போயிருக்கும். அதைப் பார்த்து நாம் பதறுகிறோம். காலுக்கு நாற்பது வருடம் கட்டுப் போட்டுவிட்டு, "என் காலுக்கு வலுவே இல்லை, இன்னும் மெத்தென்று ஒரு ஷூ கொடுங்கள்" என்று கடைக்காரரிடம் கேட்கிறோம்.

என் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், செருப்பு போட்டு நான் பார்த்தது கல்யாண வீடுகளில்தான். வரப்பு ஈரத்தில் அவர் கால் பதிந்தால் ஐந்து விரலும் தனித்தனியாக, விசிறி மாதிரி விரிந்து தெரியும். குளித்துவிட்டு வந்து சிமெண்டுத் தரையில் என் காலடியைப் பார்த்தேன். அசல் ஷூவின் முனை! விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெருவிரல் உள்பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

"அப்பாரு கதையெல்லாம் ஆதாரமா?" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, ஆதாரத்துக்கு வருகிறேன். 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். குதிகாலை முதலில் தரையில் குத்தி ஓடினால், குத்திய அந்தக் கணத்தில் உடல் எடையைப்போல் ஒன்றரை முதல் மூன்று மடங்கு விசை சட்டென்று மேலேறுகிறது. வெறுங்காலிலேயே ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அந்தத் திடீர்க் குத்து அவர்களுக்கு இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் விப்ரமும் உண்டு. எதிரணி எடுத்து வீசுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அதனால் செருப்புக் கம்பெனியின் வாசனையே இல்லாத ஓர் ஆய்வுக்குப் போவோம். தூரம்கூட இல்லை, பக்கத்துக் கர்நாடகம், மணிபால். உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு எலும்பு மருத்துவர்கள், 4 வயது முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்து 1992-இல் எழுதினார்கள். காலணி போடும் குழந்தைகளில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம். வெறுங்காலில் திரியும் குழந்தைகளில் 2.8 சதவீதம். விரலை மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு, வெறுங்கால் பிள்ளைகளிடம் எல்லாவற்றிலும் குறைவு. படி படியாக இறங்குகிறது பாருங்கள். நாம் என்ன செய்கிறோம்? நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்குப் பிறந்தநாளுக்கு 'கீச் கீச்' ஷூ வாங்கிப் போகிறோம்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஒரு பெரிய குண்டைப் போட்டார். தசையை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்காவில் வழக்கு வந்து, 2014-இல் விப்ரம் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டதே என்றார். உண்மைதான். தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே பணத்தைக் கட்டினார்கள். இருக்கிற சரக்குக்கு மேல் வாய் பேசியதற்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அன்றைக்குக் கையில் ஆதாரம் இல்லை. அப்புறம் வந்தது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில், சாதாரண நாள் வேலைகளுக்கு இந்த மாதிரி மெல்லிய காலணியை ஆறு மாதம் போட்டவர்களுக்கு, விரலை மடக்கி அழுத்தும் வலு சராசரியாக 57.4 சதவீதம் கூடியிருந்தது. 2021-இல் வெளியான ஆய்வு.

மூன்றாம் பேச்சாளரம்மா இன்னும் கெட்டிக்காரர். 2013-இல் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் விரல் ஷூவுக்கு மாறிய 19 ஓட்டக்காரர்களில் 10 பேருக்குப் பத்து வாரத்தில் பாத எலும்புக்குள் நீர்க்கோர்ப்பு கண்டதே, என்ன பதில் என்று கேட்டார். பதில் இருக்கிறது அம்மா, என் கெண்டைக்காலில் இருக்கிறது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஷூ வந்த மறுநாளே ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று, ஐந்து கிலோமீட்டர், ஓட்டம். ஓடும்போது காற்றில் மிதந்தேன். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றினால் கெண்டைச்சதை கல்லாகிக் கிடக்கிறது. மூன்று நாள் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். முன்பாதத்தில் இறங்கி ஓடினால் பாரத்தை வாங்குவது கெண்டைச்சதையும் குதிகால் தசைநாணும்தான். நாற்பது வருடம் தூங்கியவனை எழுப்பி உடனே மூட்டை தூக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

அந்த 2013 ஆய்வை நடத்தியவர் சாரா ரிட்ஜ். 2019-இல் அவரே இன்னோர் ஆய்வு செய்தார். இந்த முறை மெல்லிய ஷூவில் ஓட விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடக்க மட்டும் விட்டார். எட்டு வாரத்தில் பாதத் தசை பருத்தது, வலுவும் கூடியது, தனியாகப் பாதப் பயிற்சி செய்தவர்களுக்குச் சமமாக. எச்சரித்தவரே வழியும் காட்டியிருக்கிறார், மூன்றாம் பேச்சாளர் பாதியிலேயே படிப்பை நிறுத்திவிட்டார்! நான் இப்போது வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே விரல் ஷூவில் நடை, வாரம் ஒருநாள் ஓட்டம். ஜிம்மில் பளு தூக்கும்போதும் இதுதான். மெத்தை மேல் நின்றுகொண்டு எண்பது கிலோ தூக்கினால் தள்ளாடும். தலையணை மேல் நின்று அம்மியைத் தூக்குவார்களா?

அபேபே பிக்கிலாவையும் இழுத்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியரான அவர் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார், 1964 டோக்கியோவில் ஷூ போட்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடினார், ஆகவே ஷூதான் வென்றது என்கிறார்கள். நான்கு வருடப் பயிற்சியும் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறதே ஐயா! அதுவும் போகட்டும். இன்றைய மெத்தை ஷூ அன்றைக்குப் பிறக்கவே இல்லை. கால் வைத்தால் அமுங்குகிற தடித்த மெத்தையை அவர் கண்டதே கிடையாது. போட்டியில் ஒரு நிமிடம் குறைக்க மெத்தை ஷூ உதவும் என்றால் அதை நான் மறுக்கவில்லை. தலைப்பில் பதக்கம் இல்லை, பாதம்தான் இருக்கிறது.

நம் ஊர் நடைபாதையில் கண்ணாடித் துண்டும் கொதிக்கும் தாரும் இருக்கின்றன, மண்ணில் கொக்கிப்புழு இருக்கிறது என்றார்கள். அதனால்தானே வெறுங்கால் என்று சொல்லாமல் ஷூ என்கிறேன்! ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன், இதில் விளையாட்டுக் கிடையாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் என் பேச்சைக் கேட்டு இதை வாங்க வேண்டாம். குத்தினால் தெரியாத காலுக்கு மெல்லிய அடி ஆபத்து. அவர்கள் மருத்துவர் சொல்லும் காலணியைத்தான் போட வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணி தேடிக் கண்டுபிடிக்காத ஒரு குறையையும் நானே சொல்லி முடிக்கிறேன்: நாற்றம். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வேர்க்கும். வாரத்துக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். இந்த வாரம் மழை, ஊறப்போடவில்லை. படிக்குக் கீழே மற்றவர்கள் ஷூ எல்லாம் ஒருபக்கம் ஒதுங்கியிருக்க, என்னுடையது மட்டும் தனியாகக் கிடப்பதை நடுவர் இறங்கும்போது பார்ப்பார். தீர்ப்பை அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.