ஒரு வாக்கியம், 8,700 கோடி டாலர், ஒரு ரப்பர் செருப்பு: கெர்ரி மாட்டிக்கொண்ட கதை

ஒரே ஒரு வாக்கியம். சொல்லி முடிக்க ஐந்து விநாடிகூட ஆகாது. சொன்னவர் போர்முனையில் மூன்று முறை காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவர். அந்த ஒரு வாக்கியத்தை எதிரணி ஏழு மாதம் டிவியில் ஓட்டிக்கொண்டே இருந்தது. அது என்ன வாக்கியம் என்று சொல்கிறேன், அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2002 அக்டோபரில் ஈராக் மீது படையெடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்க செனட்டில் 77-க்கு 23 என்று நிறைவேறியது. மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கெர்ரி ஆதரித்து ஓட்டுப் போட்டார். 2003 மார்ச்சில் போர் தொடங்கியது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள், தேடினார்கள், இல்லை. முன்கதை அவ்வளவுதான்.

இப்போது 2004. அதிபர் தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நிற்பவர் இதே கெர்ரி. மார்ச் மாதம், மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டன் என்ற ஊரில் மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். அந்த நேரத்தில் புஷ் தரப்பு ஒரு விளம்பரம் விட்டிருந்தது: போரில் நிற்கும் நம் பையன்களுக்குக் குண்டு துளைக்காத உடுப்பு வாங்கும் பணத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் இவர் என்று. அதற்குத்தான் கெர்ரி பதில் சொன்னார். "நான் அந்த 8,700 கோடி டாலரை ஆதரித்து ஓட்டுப் போட்டேன், அதை எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன்னால்."

போச்சு!

வேடிக்கை என்னவென்றால் அவர் சொன்னது பொய்யே இல்லை. 2003 அக்டோபரில் போர்ச் செலவுக்கான மசோதா வந்தபோது ஜோ பைடனும் கெர்ரியும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: பணம் கொடுப்போம், ஆனால் கடன் வாங்கி வேண்டாம், பெரும் பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுப்போம். இதுதான் "ஆதரித்தேன்". திருத்தம் தோற்றது. அப்புறம் மூல மசோதா வந்தது, எதிர்த்தார். அது 87-க்கு 12 என்று நிறைவேறியது. (8,700 கோடி என்றால் 87 பில்லியன். 87 பில்லியன் டாலருக்கு 87 ஓட்டு, யாரும் திட்டமிட்டதில்லை, எனக்கு மட்டும் அதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம்.)

இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசையாக இருக்கிறது. அதே விஷயத்தைத் தமிழில் நம் பேச்சு ஓட்டத்திலேயே சொல்லிப் பாருங்கள்: "எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன்னாடி, ஆதரித்துத்தான் போட்டேன்." கவனித்தீர்களா? தமிழில் வினை கடைசியில் வருவதால் வாக்கியம் "ஆதரித்துத்தான் போட்டேன்" என்று நிற்கிறது. காதில் தங்குவது ஆதரவு. ஆங்கிலத்தில் அது "எதிர்த்தேன்" என்று போய் முடிகிறது. கேட்டவன் காதில் தங்கியதும் அதுதான். கெர்ரி தமிழில் பிரசாரம் செய்திருந்தால் தப்பித்திருப்பார் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, காப்புரிமை கேட்கப் போகிறேன்.

புஷ் தரப்பு அந்த வீடியோ துண்டை அப்படியே எடுத்துத் தங்கள் விளம்பரத்திலேயே ஒட்டிவிட்டது. பேச்சு மாற்றுகிறவனை ஆங்கிலத்தில் "ஃப்ளிப் ஃப்ளாப்" என்பார்கள். நம் வீட்டு வாசலில் கிடக்கிற ரப்பர் செருப்புக்கும் அங்கே அதே பெயர்தான். விடுவார்களா? கெர்ரியைக் கிண்டல் செய்ய ரப்பர் செருப்பைக் கையில் தூக்கி ஆட்டினார்கள். நம் ஊர்க் கூட்டத்தில் செருப்பைத் தூக்கினால் அதற்கு அர்த்தமே வேறு, போலீஸ் வர வேண்டியிருக்கும். செப்டம்பரில் இன்னொரு விளம்பரம். கடலில் பாய் கட்டிய பலகை மேல் நின்று கெர்ரி சறுக்குகிறார், இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, பின்னணியில் ஸ்ட்ராஸின் நீல டான்யூப் இசை. காற்று எந்தப் பக்கமோ இவர் அந்தப் பக்கம் என்று கேலி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியை இரண்டு அர்த்தத்திலும் செய்து காட்டியது புஷ் அணிதான்.

இவர் பேசத் தெரியாதவரா என்றால் அதுவும் இல்லை. 1971 ஏப்ரலில், 27 வயதில், வியட்நாமில் படகுப் படையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து செனட் குழு முன் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டவர் இவர். அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள மசோதா, திருத்தம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். 33 வருஷம் கழித்து அதே ஆள் ஓட்டெடுப்பு நடைமுறையை விளக்கிக்கொண்டிருக்கிறார். செனட்டில் அதிக நாள் உட்கார்ந்தால் வருகிற வியாதி என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் என்ன சொல்லியிருக்கலாம்? என்னைக் கேட்டால்: "பையன்களுக்கு உடுப்பு வாங்கக் கோடீஸ்வரர்களிடம் பணம் கேட்டேன், புஷ் உங்கள் பேரப்பிள்ளை பெயரில் கடன் வாங்கினார். அதனால் எதிர்த்தேன்." அதே உண்மைதான், சண்டை போடுகிற ஆள்தான் மாறுகிறார்.

ஆகஸ்டில் இன்னும் மோசம். கிராண்ட் கேன்யனில், ஆயுதம் இல்லை என்று இப்போது தெரிந்த பிறகும் அந்த அதிகாரத்துக்கு ஓட்டுப் போட்டிருப்பீர்களா என்ற கேள்விக்கு, ஆமாம், போட்டிருப்பேன் என்றார். அப்புறம் எதற்கு ஐயா உங்களுக்கு ஓட்டு?

இதற்கு நேர்மாறாக, ஒரே வாக்கியம் கைகொடுத்ததற்கும் ஒரு உதாரணம். 1952 அக்டோபர் 24, டெட்ராய்ட். கொரியப் போர் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதிபர் தேர்தலில் நின்ற ஐசன்ஹோவர் சொன்னது: "நான் கொரியாவுக்குப் போவேன்." போய் என்ன செய்வார்? சொல்லவே இல்லை! ஆனால் ஹிட்லரின் படையைத் தோற்கடித்த தளபதி போகிறேன் என்றால் மக்களுக்குப் போதும். ஜெயித்தார், டிசம்பரில் போயும் வந்தார், 1953 ஜூலையில் போர் நிறுத்தம். நீங்களும் நானும் இதைச் சொன்னால் விமானச் செலவு யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

2015-ல் புஷ்ஷின் தம்பி ஜெப் புஷ் இதே ஈராக் கேள்விக்குத் திங்கள் முதல் வியாழனுக்குள் ஆமாம், தெரியாது, கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன், இல்லை என்று எல்லாப் பதிலும் சொன்னார். பாவம், அண்ணன் நடத்திய போர்.

சரி, கெர்ரிக்கு வருவோம். செப்டம்பர் 30, முதல் விவாதம். அந்த 8,700 கோடியைப் பற்றிக் கேட்டதும் இப்படிச் சொன்னார்: போரைப் பற்றிப் பேசிய விதத்தில் நான் தவறு செய்தேன், அதிபரோ ஈராக் மீது படையெடுத்ததில் தவறு செய்தார், இதில் எது மோசம்? அடடா! மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டியது. நவம்பர் 2-ல் தேர்தல், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் ஓட்டில் புஷ்ஷுக்கு 286, கெர்ரிக்கு 251.

இந்த ஒரு வாக்கியத்தால் மட்டும் தோற்றார் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கெர்ரியின் அந்த இரண்டு ஓட்டையும் பத்து வார்த்தைக்குள் விளக்கிக் கமெண்டில் எழுதுங்கள். நான் முயன்றேன், பதினாலுக்குக் கீழே இறங்கவில்லை.